சென்னையிலிருந்து ஆஸ்திரேலியக் கோதுமை அறுவடைக்கு: டிராக்டரும் மாடும் உள்ள பண்ணையில் பருவ வேலை – முழுமையான வழிகாட்டி

"ஆஸ்திரேலியாவில் அறுவடைக்கு டிரைவர் தேவை, தங்குமிடம் இலவசம், அனுபவம் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. அதில் பாதி உண்மை. தானியமும் மாடும் சேர்ந்த பெரிய பண்ணைகளில் பருவத்துக்கு ஆள் எடுப்பது நிஜம். 2024-க்குப் பிறகு இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் அதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியை அனுப்புகிறவர் கேட்கும் இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ அந்த நேர்வழியில் எங்கேயும் வராது.

அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ வளர்ந்து, டிராக்டரைத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மட்டுமே பார்த்த ஒருவருக்கு இது ஒத்துவருமா? வரும். பண்ணைக்காரர் தேடுவது வேகமாக ஓட்டுகிற ஆளை இல்லை. சத்தம் மாறியதும் வண்டியை நிறுத்தி, ரேடியோவில் உடனே சொல்கிற ஆளைத்தான். பல கோடி ரூபாய் மெஷினை நம்பிக் கொடுப்பவருக்கு வேறு எதுவும் அவ்வளவு முக்கியமில்லை. கீழே உள்ள படிகளை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

என்ன வேலை, எந்த மாதம்

அங்கே இரண்டு பருவம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை விதைப்பு. செப்டம்பர் வாக்கில் குயின்ஸ்லாந்தில் தொடங்கும் அறுவடை, அக்டோபர், நவம்பரில் நியூ சவுத் வேல்ஸ், அப்புறம் விக்டோரியா என்று தெற்கே இறங்கி, சில இடங்களில் ஜனவரி வரை ஓடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பயிர் கோதுமை, பார்லி, கனோலா என்ற எண்ணெய் வித்து, அதோடு கொஞ்சம் பருப்பு வகைகள். விதைப்புக்கு பிப்ரவரி, மார்ச்சிலும் அறுவடைக்கு ஜூலை, ஆகஸ்டிலும் ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அக்டோபரில் போய் இறங்கி வேலை தேடலாம் என்று நினைத்தால் நல்ல பண்ணைகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

அறுவடை மெஷினை அங்கே ஹெட்டர் என்பார்கள். புதிதாகப் போகிறவருக்கு அது கிடைப்பது அரிது, அதற்கு ஆசைப்படவும் வேண்டாம். உங்களுக்கு உரியது சேசர் பின். ஹெட்டருக்குப் பக்கத்தில் ஓடியபடியே தானியத்தை வாங்கி, வயல் ஓரத்தில் இருக்கும் பெரிய தொட்டியிலோ லாரியிலோ கொண்டுபோய்க் கொட்டுகிற பெரிய டிரெய்லர் அது, அதை இழுக்கும் டிராக்டரோடு. பருவத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக இங்கேதான் தொடங்குகிறார்கள். மழை பெய்தால், வேலை நின்றால், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி பார்ப்பது, வேலி கட்டுவது, வைக்கோல் போடுவது. மாடும் உள்ள பண்ணையில் மழை நாளிலும் கொஞ்சம் கூலி கிடைக்கும் என்பது ஒரு லாபம்.

விசா: புரோக்கர் இல்லாத வழி

இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2022 ஏப்ரலில் கையெழுத்தாகி அதே ஆண்டு டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஒரு பகுதியாகத்தான் 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா, எண் 462, இந்தியர்களுக்குத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 பேர், வயது 18 முதல் 30 வரை. 31-வது பிறந்தநாள் வந்துவிட்டால் கதவு மூடிவிடும்.

ஆயிரம் இடத்துக்கு எத்தனையோ மடங்கு பேர் கேட்பதால் குலுக்கல் முறை. இந்தியர்களுக்கான முதல் குலுக்கல் பதிவு 2024 அக்டோபரில் நடந்தது. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் உங்கள் பெயரில் நீங்களே பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், அவ்வளவுதான். பெயர் விழுந்தால் விண்ணப்பிக்க 28 நாள் தருவார்கள். விசாக் கட்டணம் தனி, அது பொதுவாக ஒவ்வொரு ஜூலையிலும் ஏறும். குலுக்கலில் உங்கள் பெயரை வரவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அந்த 28 நாளில் ஓடியாடிச் சேர்க்க முடியாத காகிதங்களை முன்பே எடுத்து வைக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு படித்ததற்கான சான்று, அடிப்படை ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், கையில் ஏறக்குறைய 5,000 டாலர் இருப்பதற்கான வங்கிக் கணக்கு விவரம். போலீஸ் சான்று கேட்டால் பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கலாம். மருத்துவப் பரிசோதனை கேட்டால் அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய வேண்டும். தெருமுனை லேப் ரிப்போர்ட் செல்லாது.

விசா கிடைத்து 12 மாதத்துக்குள் நுழைய வேண்டும். நுழைந்த நாளிலிருந்து 12 மாதம் இருக்கலாம். குறிப்பிட்ட கிராமப்புறப் பகுதிகளில் 3 மாதம், அதாவது 88 நாள், பயிர் அல்லது கால்நடை வேலை செய்தால் இரண்டாவது விசாவுக்குத் தகுதி வரும். எந்தெந்த அஞ்சல் குறியீடுகள் சேரும் என்ற பட்டியல் அதே இணையதளத்தில் இருக்கிறது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் பண்ணையின் குறியீட்டைப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. 'பால்ம்' திட்டம் என்ற பெயரிலும் சென்னையில் பணம் பிடுங்குகிறார்கள். அது பசிபிக் தீவு நாடுகளுக்கும் தைமூர்-லெஸ்தேவுக்கும் உரிய திட்டம். இந்தியருக்கு அதில் இடமே இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் மூலம்தான் போவேன் என்பவர்கள், அவர் மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்டுக்கும் சட்டப்படி உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சந்தேகம் இருந்தால் சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கின்றன. போய்க் கேட்கக் காசு கிடையாது.

சென்னையில் இருந்தபடியே கற்றுக்கொள்வது

குலுக்கல் முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பெயர் விழாவிட்டாலும் இது வீண் போகாது.

சென்னையைச் சுற்றிய நெல் வயல்கள் நல்ல பள்ளிக்கூடம். பொன்னேரி, ஊத்துக்கோட்டை, மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று வருஷத்தில் மூன்று போகத்துக்கு அறுவடை மெஷின் வந்து போகிறது. மெஷினோடு வரும் டிரைவரிடமும் உதவியாளரிடமும் பேசி, ஒரு அறுவடைக்கு கூடவே போங்கள். முதலில் கிரீஸ் அடிக்க, சுத்தம் செய்ய, டீசல் ஊற்ற விடுவார்கள். அதுதான் உங்களுக்குத் தேவை. எந்த இடத்தில் பேரிங் சூடாகிறது, பெல்ட் தளர்ந்தால் என்ன சத்தம், பதரும் தூசும் எங்கெங்கே அடைகின்றன என்பதெல்லாம் நம் ஊரின் சின்ன செயின் வண்டியிலும் (டயருக்குப் பதில் செயினில் ஓடும் அறுவடை மெஷின்) அங்கே உள்ள பெரிய ஹெட்டரிலும் ஒரே மாதிரிதான். அளவுதான் வேறு. நம் ஊர் செயின் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் அகலத்துக்கு அறுக்கும். அங்கே 12 மீட்டர் சாதாரணம். வைக்கோல் கட்டும் மெஷின் ஓடும் வயல் கிடைத்தால் அதையும் விடாதீர்கள், அங்கே மாட்டுக்கு வைக்கோல் கட்டு போடுவது தினசரி வேலை.

டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது முன்னால் போவதில் நேரம் செலவழிக்காதீர்கள். டிரெய்லரோடு பின்னால் எடுப்பதைப் பழகுங்கள். நான்கு சக்கர டிரெய்லரை விட இரண்டு சக்கர டிரெய்லர் சுலபம், அதிலிருந்து தொடங்கலாம். ஹைட்ராலிக் குழாய் மாட்டுவது, பிடிஓ ஷாஃப்ட் (என்ஜினின் சுழற்சியைப் பின்னால் உள்ள கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு) மாட்டிக் கழற்றுவது, கொக்கி போட்டு முள் செருகுவது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு வர வேண்டும். முறையான பயிற்சி வேண்டுமென்றால் வேளாண் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் நந்தனத்தில் இருக்கிறது. டிராக்டர், அறுவடை மெஷின் பயிற்சி அடுத்து எங்கே, எப்போது என்று அங்கே விசாரிக்கலாம்.

மாட்டுக்கு காட்டுப்பாக்கம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் அங்கே இருக்கிறது, மாட்டுப் பண்ணைப் பயிற்சிகள் நடக்கும். எருமையும் ஜெர்சியும் பழகுவது, ஆயிரக்கணக்கான ஏக்கரில் மேயும் இறைச்சி மாட்டைப் பழகுவதற்குச் சமமில்லைதான். ஆனால் மாட்டின் பக்கத்தில் நிற்கப் பயப்படாத உடம்பு வாய்த்துவிடும்.

ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் சாலை பழகச் சிரமமில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட அங்கே தனி உரிமம் வேண்டும். "சும்மா எடுத்து வை" என்று சொன்னாலும், உரிமம் இல்லை என்று சொல்லி மறுத்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் விவசாய விளையாட்டு ஆடியிருந்தால் அதை அனுபவம் என்று எழுத வேண்டாம். ஜாய்ஸ்டிக் பழக்கம் மட்டும் கொஞ்சம் உதவும், உண்மையாகவே.

வேலை தேடுவது

ஆஸ்திரேலிய அரசின் ஹார்வெஸ்ட் டிரெயில் சேவை இலவசம். அதோடு, அறுவடை வேலைக்கான ஃபேஸ்புக் குழுக்களில் பண்ணைக்காரர்கள் நேரடியாக எழுதுகிறார்கள். இரண்டையும் பாருங்கள்.

அனுப்பும் செய்தி ஆறேழு வரிக்கு மேல் போக வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எதுவரை இருப்பீர்கள், எந்த விசா, எந்த மெஷினில் என்ன வேலை செய்தீர்கள், ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா, மாட்டுப் பழக்கம் உண்டா, பேச வசதியான நேரம். பட்டங்களும் "கடின உழைப்பாளி" என்ற வார்த்தைகளும் தேவையில்லை. "பெரிய டிராக்டர் ஓட்டியதில்லை, 50 குதிரைத் திறன் டிராக்டரில் டிரெய்லர் இழுத்திருக்கிறேன், அறுவடை மெஷினுக்கு கிரீஸ் அடித்திருக்கிறேன்" என்று உள்ளதைச் சொன்னால் மதிப்பு கூடும். பொய் சொன்னால் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

போனில் பேசும்போது நீங்களும் கேளுங்கள். மணிக்கூலி எவ்வளவு, எழுத்தில் தருவாரா, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் உண்டா, மழை நாளில் என்ன வேலை, பக்கத்து ஊர் எவ்வளவு தூரம், போன் சிக்னல் இருக்கிறதா. மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் சென்னையை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பண்ணைக்காரர் வீடு திரும்பும் இரவு எட்டு மணி என்பது நமக்கு மாலை ஐந்தரை.

சாப்பாட்டைப் பற்றியும் முன்பே சொல்லிவிடுங்கள். சைவம் என்றால் நீங்களே சமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மாடு வளர்ப்பது அங்கே இறைச்சிக்கு. அது மனதுக்கு ஒவ்வாது என்றால் தானியம் மட்டும் உள்ள பண்ணையைத் தேடிக்கொள்வது உங்களுக்கும் அவருக்கும் நல்லது.

பெட்டி கட்டும்போது

அம்மா கொடுத்துவிடும் அரிசி, துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், சீரகம், தனியா எதையும் பெட்டியில் வைக்க முடியாது. காப்ரா வண்டு என்ற தானியப் பூச்சி நுழைந்துவிடக் கூடாது என்று 2020-லிருந்து இவற்றைப் பயணிகள் கொண்டுவருவதை ஆஸ்திரேலியா தடை செய்திருக்கிறது. மற்ற உணவு எதுவானாலும் நுழைவு அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதாமல் மாட்டினால் பெரிய அபராதம், விசாவே ரத்தாகலாம்.

காட்டுப்பாக்கத்திலும் மதுராந்தகத்திலும் பழகியவர்கள் இதைக் கூர்ந்து படிக்கவும். ஆஸ்திரேலியாவில் கோமாரி நோய் கடைசியாக வந்தது 1872-ல். இந்தியாவில் அது இன்னும் இருக்கிறது. எனவே பண்ணைக்குப் போயிருந்தீர்களா என்று நுழைவு அட்டை கேட்கும்போது ஆமாம் என்று எழுத வேண்டும். வயலில் போட்ட பூட்ஸைக் கொண்டுபோகாமல் அங்கேயே புதிதாக வாங்குவது சுலபம். கொண்டுபோனால் அடிப்பக்கத்து மண்ணை ஒரு துளி விடாமல் கழுவிக் காயவைத்து, அதிகாரியிடம் காட்டுங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு அந்நாட்டு அரசு மருத்துவ உதவியான மெடிகேர் கிடையாது, அதனால் மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். ஆம்புலன்ஸ் செலவு அதில் அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். தொங்கும் உடை, துப்பட்டா, நீளமான கயிறு உள்ள ஹூடி எதுவும் வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

முதல் வாரம்: ஓட்டுவதற்கு முன்

காலையில் பண்ணைக்காரர் சாவியைத் தருவதற்கு முன்பே மெஷினை ஒரு சுற்று வந்துவிடுங்கள். டயர், போல்ட், ஒழுகும் எண்ணெய், தொங்கும் குழாய். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே எண்ணெய் அளவு. ரேடியேட்டர் முன்னால் படிந்த தூசைக் காற்றடித்து வெளியேற்றுவது. கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் முனை) எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் படம் வரைந்து கேபினில் ஒட்டி வைத்துக்கொண்டால் ஒன்றும் விடுபடாது. கிரீஸ் அடிக்கும் முன் நிப்பிளைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும்.

டீசல் ஊற்றும் இடத்தில் நிதானம் வேண்டும். புது டிராக்டர்களில் டீசல் டேங்க்குக்குப் பக்கத்திலேயே நீல மூடி போட்ட ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) டேங்க் இருக்கும். நம் ஊர் பிஎஸ்-6 லாரிகளில் உள்ளதுதான். ஒன்றில் போக வேண்டியதை மற்றதில் ஊற்றினால், அறுவடை நடுவில் வண்டி நின்றுவிடும், பழுது பார்க்கும் செலவு உங்கள் சம்பளத்தை விடப் பெரிதாக வரும். தவறு நடந்துவிட்டால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

பிடிஓ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. மூடி இல்லாத ஷாஃப்ட்டை ஓட்டச் சொன்னால் மறுக்கலாம், அந்த நாட்டில் அது உங்கள் உரிமை. அடைப்பை எடுப்பதானால் பிடிஓவை அணைத்து, என்ஜினை நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சுற்றுவது நின்றபின் இறங்க வேண்டும்.

ஜிபிஎஸ் தானாக ஓட்டும் வசதி முதல் நாள் மந்திரம் மாதிரி இருக்கும். அது கோட்டை மட்டும்தான் பிடிக்கும். கோட்டில் மரமோ மின்கம்பமோ இருந்தால் அதற்குத் தெரியாது. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

சேசர் பின் ஓட்டுவது

கோதுமையின் ஈரம் 12.5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் மையத்தில் வாங்குவார்கள். நம் கொள்முதல் நிலையங்களில் நெல்லுக்கு 17 சதவீதம் என்று வாக்குவாதம் நடக்கும் அல்லவா, அங்கேயும் அதே கதைதான், அளவு இன்னும் கறார். அதனால் காலைப் பனி உலரும்வரை மெஷின் நிற்கும். மதியம் வேகம் பிடித்து, காற்று காய்ந்திருந்தால் நள்ளிரவு வரைகூட ஓடும். 12 முதல் 14 மணி நேர நாட்கள் வரும். தூக்கம் கண்ணைக் கட்டினால் ரேடியோவில் சொல்லிவிட்டு இறங்கி நடக்க வேண்டும். யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

ஹெட்டரின் தானியக் குழாய் வழக்கமாக அதன் இடப்பக்கம் நீளும். நீங்கள் பின்பக்கத்திலிருந்து, அறுத்து முடித்த பக்கமாக வந்து, அதன் இடப்பக்கம் இணையாகப் போக வேண்டும். வேகத்தைத் தீர்மானிப்பது ஹெட்டர் டிரைவர். அவர் 7 கிலோமீட்டரில் போனால் நீங்களும் 7. அவருடைய வண்டியில் ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக ஏணியின் விளிம்பு. உங்கள் கதவுக்கு நேராக அந்த அடையாளம் நின்றால் குழாய் தொட்டிக்கு நடுவில் இருக்கும் என்று முதல் லோடிலேயே கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. தொட்டியின் முன்பக்கத்தில் தொடங்கி, மெதுவாக முன்னேறியபடி பின்பக்கம் வரை நிரப்பச் சொல்வார்கள். சில பண்ணைகளில் இதற்கு நேர்மாறு. எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஹெட்டரை விட்டு இடப்பக்கம் விலகுங்கள். தானியம் தரையில் கொட்டினால் நஷ்டம் கொஞ்சம். இரண்டு மெஷின் உரசினால் அந்த நாளே போச்சு.

லோடு ஏறியபின் பின்னால் இருப்பது 20, 30 டன். வெறும் வண்டியில் இருந்த பிரேக் இப்போது இல்லை. வரப்பு முனையில் திரும்பும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். அறுக்காத பயிருக்குள் குறுக்கு வழி எடுக்காதீர்கள். பல பண்ணைகளில் எல்லா மெஷினும் ஒரே சக்கரத் தடத்தில்தான் ஓட வேண்டும், மண் இறுகக் கூடாது என்பதற்காக; தடம் எது என்று திரையில் தெரியும்.

கொட்டும் இடத்தில் பிடிஓவைக் குறைந்த சுற்றில் சேர்த்து, பிறகுதான் தொட்டியின் கதவைத் திறக்க வேண்டும். முழு வேகத்தில் சேர்த்தால் ஷாஃப்ட்டின் பாதுகாப்பு முள் ஒடியும். லாரிக்குக் கொட்டும்போது அச்சுக்கு எவ்வளவு பாரம் என்பது லாரி டிரைவரின் தலைவலி. எங்கே எவ்வளவு என்று அவர் சொல்வதைக் கேளுங்கள். ஒவ்வொரு லோடின் எடையையும் அப்போதே எழுதி வையுங்கள். பார்லியிலிருந்து கோதுமைக்கு மாறும்போது தொட்டியின் மூலைகளைப் பெருக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு வாளி கலப்பு போதும், லாரி லோடு முழுவதும் தரம் இறங்கிவிடும்.

கொட்டி முடித்ததும் உங்கள் தொட்டியின் குழாயை மடக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். இதைத் தினமும் ஐம்பது தடவை செய்வதால் ஒரு தடவை மறப்பது சுலபம். மேலே மின்கம்பி இருக்கும் இடத்தில் அந்த ஒரு தடவை போதும். கம்பியில் பட்டுவிட்டால் கேபினுக்குள்ளேயே இருங்கள், ரேடியோவில் சொல்லுங்கள், யாரையும் கிட்டே வர விடாதீர்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டும் இறங்க வேண்டும். அப்போதும் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து எட்டிக் குதித்து, பாதங்களை ஒட்டிவைத்தபடி சின்னச் சின்னதாக நகர்ந்து விலக வேண்டும்.

மாட்டுப் பக்கம்

கூட்டமாக வளரும் இந்த மாடுகளுக்கு மனிதர் பழக்கம் குறைவு. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு எல்லை உண்டு. அதற்குள் நீங்கள் நுழைந்தால் நகரும், வெளியே வந்தால் நிற்கும். தோள்பட்டைக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னே போகும், முன்னால் நின்று நெருங்கினால் பின்வாங்கும். கத்துவதும் ஓடுவதும் தேவையில்லை. பட்டியில் இரும்புக் கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவே நிற்காதீர்கள். மாடு முட்டினால் கதவுதான் உங்களை அடிக்கும். காதில் மின்னணுத் தோடு இருக்கும். அந்தப் பண்ணையிலேயே பிறந்ததற்கு வெள்ளை, வேறிடத்தில் பிறந்து தோடு இல்லாமல் வந்ததற்கு ஆரஞ்சு. இந்தத் தோடு இல்லாமல் விற்பனைக்கு அனுப்ப முடியாது.

தானியமும் மாடும் சேர்ந்த பண்ணையில் எல்லோரும் பயப்படும் விஷயம் கதவு. மாட்டுப் பொங்கலன்று ஆசையாக ஊட்டிய பொங்கல் அளவு மீறினால் மாட்டுக்கு என்ன ஆகும் என்று நம் ஊர் கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்துவிடும். அங்கே அதே விஷயம் கோதுமையால் நடக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் சிந்திய தானியம், தாழ் போடாத ஒரு கதவு, இரவில் உள்ளே நுழைந்த மந்தை. காலையில் பல மாடுகள் செத்துக் கிடக்கலாம். அதனால் கதவை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்து, மூடியிருந்தால் மூடி. சிந்தியதை அன்றே வாரிவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவது லேசான வேலை போலத் தெரியும். வெயில் நாளில் மிதவை வால்வு அடைத்துக்கொண்டால் ஒரே நாளில் மந்தை தவித்துப்போகும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால் போதாது. வால்வைக் கையால் அழுத்தி, தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

உருளைக் கட்டு வைக்கோலைத் தூக்கும்போது லோடரைத் தாழ்வாக வைத்து ஓட்டுங்கள். உயரத் தூக்கிக்கொண்டு போனால் அது பின்னோக்கி உருண்டு கேபின் மேல் விழலாம். மாட்டைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கு கியூ காய்ச்சல் அபாயம் உண்டு. அதற்கான தடுப்பூசி ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. முன்கூட்டியே ரத்தமும் தோலும் சோதித்துத்தான் போடுவார்கள், எனவே வேலை தொடங்கும் முன்பே அந்த ஊர் மருத்துவரிடம் கேளுங்கள்.

தீ, தானியக் குழி, வெயில்

காய்ந்த தாளும் சூடான புகைக்குழாயும் சேர்ந்தால் தீ. ஹெட்டரில் பதர் அடைந்த இடங்களை ஒரு நாளில் பலமுறை ஊதிச் சுத்தம் செய்வது அதற்காகத்தான். காற்றும் வெயிலும் மோசமான நாட்களில் அறுவடைத் தடை அறிவிப்பார்கள், மெஷின் நின்றுவிடும். தடை நாளில் சும்மா கிடக்கிறோமே என்று பொருமக் கூடாது. சூடான வண்டியை அறுத்த தாள் மேல் நிறுத்தாதீர்கள். தீயணைப்பான் எங்கே இருக்கிறது, எப்படி இழுப்பது என்று முதல் நாளே பாருங்கள்.

தொட்டியிலிருந்தோ குழியிலிருந்தோ வெளியே ஓடிக்கொண்டிருக்கும் தானியத்தின் மேல் ஏறி நிற்கவே கூடாது. முழங்கால் வரை புதைந்தால் ஒருவராகக் காலை உருவ முடியாது, சில நொடிகளில் இடுப்பு, அப்புறம் தலை. யாராவது புதைந்தால் முதலில் ஆகரை (தானியத்தை இழுக்கும் திருகுக் குழாய்) நிறுத்திவிட்டு 000-க்கு அடியுங்கள். எமர்ஜென்சி பிளஸ் ஆப் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே வியர்வை சட்டையில் ஒட்டும், குடிக்க வேண்டும் என்று தோன்றும். அங்கே வறண்ட வெயிலில் வியர்வை உடனே உலர்ந்துவிடும், உடம்பு காய்வதே தெரியாது. தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடியுங்கள்.

சம்பளமும் கணக்கும்

இறங்கியதும் வரி எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்குங்கள். வரி எண் இலவசம். அதற்கும் பணம் கேட்கும் தளங்கள் உண்டு. 2025 ஜூலையில் தேசிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலராக உயர்ந்தது. தினக்கூலியாக வேலை செய்தால் அதற்கு மேல் 25 சதவீதம். அதற்குக் குறைவாகக் கையில் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்த வகை விசாவில் இருப்பவருக்கு, முதலாளி முறையாகப் பதிவு செய்திருந்தால், 45,000 டாலர் வரை 15 சதவீத வரி. சம்பளச் சீட்டை, கூலி தந்த ஒரு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். நீங்களும் தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டாவது விசாவுக்கு 88 நாளைக் காட்ட அந்தச் சீட்டுகள்தான் ஆதாரம்.

தகராறு வந்தால் ஃபேர் ஒர்க் என்ற அரசு அமைப்பிடம் சொல்லலாம். 13 14 50 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கேட்டு, தமிழிலேயே பேசலாம்.

சூப்பர் என்று சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம் ஓய்வூதியக் கணக்கில் முதலாளி போட வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பி விசா முடிந்தபின் அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். மிச்சம் 35 சதவீதம் தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், விண்ணப்பம் ஆன்லைனில்தான். அதற்கு அந்த நாட்டு வங்கிக் கணக்கையும், அங்கே பயன்படுத்திய மின்னஞ்சலையும் கிளம்பும் நாளில் மூடிவிடாமல் வைத்திருப்பது நல்லது.